சந்தாவை நிறுத்தியும் பணம் போகிறதா?

ராத்திரி தூக்கமில்லை, படபடப்பு என்று போடியில் என்னிடம் வருகிறவர்களின் நாடியைப் பார்த்துவிட்டு, 'பணக் கவலை உண்டா?' என்றும் கேட்பேன். விடியலில் ஜீப் ஏறி மலை மேல் ஏலத் தோட்டத்துக்குப் போகிறவருக்கு, மாதாமாதம் கணக்கிலிருந்து தானாகக் கழியும் 300 ரூபாய் பெரிய காசு. ஜிம்மோ, போனில் பேசிச் சேர்த்துவிட்ட ஆரோக்கியத் திட்டமோ, சந்தாவை நிறுத்திய பிறகும் பணம் போனால் ரத்தக் கொதிப்பு ஏறத்தானே செய்யும்? அமுக்கரா சூரணம் தூக்கத்துக்கு உதவும்; போன பணத்தைக் கொண்டுவராது.

பாஸ்புக்கைப் பாருங்கள். 'ஏ.சி.எச்.' என்று இருந்தால், அது நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சம்மதத்தின் பேரில் எடுப்பது. நிறுவனத்திடம் மட்டும் 'வேண்டாம்' என்றால் போதாது. வங்கிக் கிளையிலும் அந்தச் சம்மதத்தை ரத்து செய்யும்படி எழுதிக் கொடுங்கள். நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். யு.பி.ஐ. ஆட்டோபே என்றால் செல்போனிலேயே ரத்து செய்யலாம்.

வங்கியில் ரத்து செய்த பிறகும் ஏ.சி.எச். மூலம் எடுத்தால், பொறுப்பு உங்கள் வங்கியுடையது. ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி மறுநாளுக்குள் பணம் திரும்ப வர வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு.

'போய்த் தொலையட்டும்' என்று விடாதீர்கள். எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்; கட்டணம் கிடையாது. விவரத்துக்கு 14448.

முத்திரை வாங்கிய நகலை மருந்துச் சீட்டுபோலப் பத்திரமாக வையுங்கள்.