ஜாவா நிரல்மொழியில் சரத்தின் குறியுருக்களைச் சரிபார்த்தல்: தமிழ்ச் சொற்களை முன்வைத்து

முன்னுரை

தமிழ் நூல்களை மின்தரவாக்கிச் சொல்லடைவும் தொடரடைவும் உருவாக்கும் ஆய்வுகளில் முதற்படி, உரையிலிருந்து எண், நிறுத்தற்குறி, பிறமொழி எழுத்து ஆகியவற்றை விலக்கிச் சொற்களை மட்டும் பிரித்தெடுப்பதாகும். ஒரு சரத்திலுள்ள ஒவ்வொரு குறியுருவும் ஏற்கத்தக்கதா என நிரல்வழி ஆராய்வதே சரிபார்த்தல் எனப்படுகிறது. இதற்கென ஜாவா தரும் ஆயத்தச் செயற்கூறுகளைத் தமிழுக்கு அப்படியே கையாண்டால் சொற்கள் சிதைகின்றன. அதன் காரணத்தையும் மாற்று வழியையும் இக்கட்டுரை விளக்குகிறது.

எழுத்தும் குறியுருவும்

உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டும் முதலெழுத்துகள் என்பது தமிழ் இலக்கண மரபு. நன்னூல் உயிர்மெய்யைச் சார்பெழுத்தாகக் கொள்கிறது. ஒருங்குறியோ அகரமேறிய உயிர்மெய்யையே அடிப்படையாகக் கொள்கிறது. அதன்படி 'க' ஒரு குறியுரு. 'க்' என்பது ககரமும் புள்ளியும் சேர்ந்த இரண்டு குறியுருக்கள். 'கி' என்பதும் அவ்வாறே. ஆதலின் 'தமிழ்' என்னும் மூவெழுத்துச் சொல்லின் நீளத்தை ஜாவா 5 எனக் கணக்கிடுகிறது.

ஆயத்தச் செயற்கூறுகளின் போதாமை

'இஸ்லெட்டர்' என்னும் செயற்கூறு, ஒருங்குறி 'எழுத்து' என வகைப்படுத்திய குறியுருக்களை மட்டும் ஏற்கும். உயிர்க்குறிகளும் புள்ளியும் 'சேர்குறி' என்னும் வேறு வகையைச் சார்ந்தவை. எனவே 'அகல' இச்சோதனையில் தேறும், 'மனித' தேறாது. தேறாத குறியுருக்களை நீக்குமாறு நிரல் எழுதப்பட்டிருப்பின் கல், கால், கோல், கலை, காலை, கூலி ஆகிய ஆறு சொற்களும் 'கல' என ஒன்றாகிவிடும். நிரல் பிழைச்செய்தி எதுவும் தராது. அட்டவணையில் 'கல' என்பதன் வருகை மிகுந்து தோன்றும்; ஆய்வாளர் அதனையே முடிவாகக் கொள்ள நேரும்.

2011இல் வெளிவந்த ஜாவா 7 பதிப்பில் 'இஸ்ஆல்ஃபபெட்டிக்' என்னும் செயற்கூறு சேர்க்கப்பட்டது. இது உயிர்க்குறிகளை ஏற்கிறது, புள்ளியை ஏற்பதில்லை. 'மனித' தேறும், 'மனிதன்' தேறாது. புள்ளி நீக்கப்படின் 'பல்' என்பதும் 'பல' என்பதும் வேறுபாடிழக்கும். மெய்யீற்றுச் சொற்கள் மிகுந்த மொழிக்கு இக்குறை சிறிதன்று.

எண்களிலும் இத்தகைய சிக்கல் உண்டு. 'இஸ்டிஜிட்' என்னும் செயற்கூறு ௧, ௨, ௩ ஆகியவற்றை இலக்கமாக ஏற்கும். ௰, ௱, ௲ ஆகியவற்றை ஏற்காது. பழம்பதிப்புகளின் பாட்டெண்களைப் பிரிப்போர் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

தமிழுக்கென ஒதுக்கப்பட்ட 2944 முதல் 3071 வரையிலான குறியெண்களுள் அடங்குவதை எல்லாம் ஏற்பது மற்றொரு வழி. இதில் சொல் சிதைவதில்லை. ஆயினும் அந்த 128 இடங்களுள் 72 மட்டுமே குறியுரு பெற்றவை. அவற்றுள் எண்களும் ஆண்டு, மாதம் முதலியவற்றின் குறியீடுகளும் அடங்கும். 'அா' போன்ற பொருந்தாச் சேர்க்கையும் இச்சோதனையில் தேறிவிடும்.

மாற்று வழி

மேற்கண்ட வழிகள் யாவும் குறியுருக்களைத் தனித்தனியே நோக்குகின்றன. தமிழுக்கு வேண்டுவது குறியுருக்கள் அமையும் வரிசையை நோக்கும் சோதனை. அதனை இரு படிகளில் செய்யலாம்.

முதலாவது, இயல்பாக்கம். 'கொ' என்பதிலுள்ள உயிர்க்குறியை ஒரே குறியுருவாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். தோற்றத்தில் வேறுபாடில்லை, கணினிக்கோ இவை வெவ்வேறு சரங்கள். 'நார்மலைசர்' என்னும் ஜாவா வகுப்பின்வழி இவற்றை ஒரே வடிவிற்குக் கொண்டுவரலாம்.

இரண்டாவது, ரெகுலர் எக்ஸ்பிரஷன் எனப்படும் வடிவக்கோவை:

([அ-ஔஃ]|[க-ஹ][ா-்]?)+

உயிரோ ஆய்தமோ தனித்து வரலாம். அன்றி, அகரமேறிய உயிர்மெய் தனித்தோ, உயிர்க்குறி அல்லது புள்ளி ஒன்றை மட்டும் ஏற்றோ வரலாம் என்பது இதன் பொருள். கிரந்த எழுத்துகளும் இதில் அடங்கும். 'மேட்சஸ்' என்னும் செயற்கூற்றால் ஒவ்வொரு சொல்லையும் முழுமையாக இக்கோவையுடன் பொருத்த வேண்டும். 'மனிதன்' தேறும், 'அா', இரட்டைப் புள்ளி, சொன்முதலில் நிற்கும் உயிர்க்குறி ஆகியவை தேறா.

வரம்புகள்

ஔகாரத்திற்கு மாற்றாக ஒகரமும் ளகரமும் தட்டச்சிடப்பட்ட 'ஒளவையார்' என்னும் வடிவத்தை இக்கோவை பிழையெனக் காட்டாது. ஏனெனில் 'ஒளி' என்னும் சொல்லிலும் அதே வரிசை வருகிறது. அதனைச் சொற்பட்டியலால்தான் களைய இயலும். மொழிமுதல் விதிகளையும் கோவையில் சேர்க்கலாம். சேர்ப்பின் 'ஸ்பெயின்' போன்ற கடன்சொற்கள் விலக்கப்படும். கண்ணுக்குப் புலப்படாத இணைப்புத் தடுப்பான் இடம்பெற்ற சொற்களும் தேறா. அதனை முன்னரே நீக்குவதா, ஏற்பதா என முடிவு செய்ய வேண்டும்.

நிறைவுரை

ஒருங்குறியின் வகைப்பாடு உலக மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக அமைந்தது. தமிழில் எழுத்து யாது என்பதற்கு அது விடையாகாது. சோதனையில் தேறாத சொற்களை நிரல் நீக்கிவிடாமல் தனிப்பட்டியலாகத் தருவதும், கையாண்ட கோவையை ஆய்வேட்டில் பதிவுசெய்வதும் தேவை. அவ்வாறாயின் சொல்லடைவின் எண்ணிக்கைகளைப் பிறரும் சரிபார்த்துக்கொள்ள இயலும்.