கதை எழுதுறதுக்கு ஒரு பட்டமா?

மருத்துவம் படிக்கலாம், சட்டம் படிக்கலாம். கதை எழுதுறதை பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படிக்க முடியுமா? அப்படி என்னதான் சொல்லிக் கொடுப்பாங்க?

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் 1922லேயே, மேல்படிப்புக்கு ஆய்வேட்டுக்குப் பதிலாகக் கதை, கவிதைகளை ஏற்றுக்கொள்வதாக அறிவித்தது. 1936ல் அங்கே எழுத்தாளர் பட்டறை தொடங்கியது. முதுகலை, இரண்டு வருஷப் படிப்பு. பிற்பாடு பல பல்கலைக்கழகங்கள் இதே முறையை எடுத்துக்கொண்டன. இளங்கலையிலேயே எழுத்தை முதன்மைப் பாடமாக எடுக்கும் வசதியும் வந்தது.

இந்த வகுப்புகளில் பாடம் நடத்துவது குறைவு. ஒரு மாணவரின் கதையை மற்றவர்கள் முன்கூட்டியே படித்துவிட்டு வருவார்கள். எங்கே குழப்பம், எங்கே அலுப்பு, எந்தப் பாத்திரத்தை நம்ப முடியலை என்று பேசுவார்கள். எழுதினவர் வாயே திறக்கக் கூடாது, அதுதான் வழக்கமான விதி. கொடுமையாத் தெரியலாம், ஆனா காரணம் இருக்கு. நாளைக்குக் கதை அச்சாகும்போது, "நான் சொல்ல வந்தது அது இல்லீங்க" என்று விளக்க நீங்க வாசகர் பக்கத்தில் இருக்க மாட்டீங்க. தாளில் இருப்பது மட்டும்தான் பேசும்.

இதில் ஆபத்தும் உண்டு. பத்துப் பேரையும் திருப்திப்படுத்தப் போய், கதை யாருடையதாகவும் இல்லாமல் போயிடலாம். யார் சொல்றதைக் கேட்கணும், யார் சொல்றதை விடணும் என்பதையும் சேர்த்தே கத்துக்க வேண்டியிருக்கு.

ஃபிளானரி ஓ'கானரைப் பாருங்க. 1945ல் இதழியல் படிக்க அயோவாவுக்கு வந்தவர், பட்டறைக்கு மாறினார். 1947ல் ஆறு கதைகளைச் சமர்ப்பித்துப் பட்டம் வாங்கினார். அதில் 'தி ஜெரேனியம்' என்ற கதை, நியூயார்க்கில் மகள் வீட்டில் அடைபட்ட ஒரு தென்மாநிலக் கிழவரைப் பற்றியது. பட்டம் கிடைச்சாச்சு, கதையும் பத்திரிகையில் வந்தாச்சு. ஆனாலும் அவர் விடலை. அதையே திரும்பத் திரும்ப மாற்றி எழுதினார். 1964ல், தன் 39வது வயதில் இறப்பதற்குச் சற்று முன்பு முடித்த 'ஜட்ஜ்மென்ட் டே' அந்தக் கதையின் மறுவடிவம்தான்.

எழுத்தைக் கற்பிக்க முடியாது, எழுதுபவரை ஊக்கப்படுத்தலாம் என்று அயோவா பட்டறையே சொல்கிறது. அதனால, சேர நினைக்கிறவங்க வேலை கிடைக்குமா என்று கேட்பதோடு இன்னொன்றும் கேட்டுக்கணும்: எழுதி முடிச்சதைப் பிரிச்சுப் போட்டு மறுபடி எழுத மனசு வருமா? வரும் என்றால் அந்த இரண்டு வருஷம் உதவும். ஆனா அதுக்காகப் பெரிய கடன் வாங்காதீங்க. உதவித்தொகை தரும் இடங்களும் இருக்கு.