பள்ளிச் செய்தி சங்கத்துப் பலகைக்கு வரட்டும்

சென்ற ஆண்டு மாசி மாதத்தில், ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் ஆய்வுப் பணியின் பொருட்டு மூன்று நாட்கள் தங்க நேர்ந்தது. இரண்டாம் நாள் கூலிப் பட்டுவாடா நாள். நெய்து முடித்த சேலைகளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அங்கத்தினர்கள் வந்தவண்ணம் இருந்தனர். இருப்புப் பதிவேட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்த என் மேசையருகே முதிய அங்கத்தினர் ஒருவர் வந்து நின்றார். கூலிக் கணக்கில் ஏதோ ஐயம் போலும் என எண்ணி நிமிர்ந்தேன்.

"சார், எட்டாவது படிக்கிற பிள்ளைகளுக்கு ஏதோ பரீட்சை வைத்து சர்க்கார் பணம் தருகிறதாமே? என் பேத்தி வகுப்பிலே முதல் மார்க்கு வாங்குகிறவள். அவள் எழுதவில்லை. இனிமேல் எழுத வழி உண்டா?" என்றார்.

வழி இல்லை. தேர்வு அதற்குள் முடிந்துவிட்டது. எட்டாம் வகுப்பில் மட்டுமே எழுதக்கூடிய தேர்வு அது. மறு ஆண்டு என்ற பேச்சுக்கே இடமில்லை. அதை அவரிடம் சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

அவர் குறிப்பிட்டது, 2008-ஆம் ஆண்டு மத்திய அரசு ஏற்படுத்திய தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் திட்டம். அரசு, உள்ளாட்சி, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளுக்கு உரியது. பெற்றோரின் ஆண்டு வருமானம் ரூ.3,50,000-க்கு மேற்படலாகாது. தேர்ச்சி பெற்றுத் தெரிவானால் ஆண்டுக்கு ரூ.12,000 வீதம், ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை, நான்கு ஆண்டுகளில் ரூ.48,000 கிடைக்கும். அந்தப் பெண் எழுதியிருந்தால் தெரிவாகியிருப்பாள் என்று நான் கூறவில்லை, போட்டி கடுமையானது. ஆயினும் எழுதாமலே போனதற்கு அவளுடைய அறிவு காரணமன்று. சங்கத்தின் கணக்கில் நாற்பத்தெட்டாயிரம் ரூபாய் குறைந்திருந்தால் நான் எத்தனை பக்கம் குறிப்பு எழுதியிருப்பேன் என்பதை அன்றிரவு எண்ணிப் பார்த்தேன்.

மறுநாள் மதியம் அப்பள்ளிக்குச் சென்று தலைமையாசிரியையைக் கண்டேன். குற்றம் சாட்டும் எண்ணம் எனக்கில்லை. அதற்கு இடமும் இருக்கவில்லை. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அறிவித்திருக்கிறார், பலகையில் எழுதியிருக்கிறார், பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவிலும் செய்தி அனுப்பியிருக்கிறார். இதற்குமேல் ஒருவர் செய்யத்தக்கது என்ன? ஆனால், அந்த அறிவிப்பு வந்த இரண்டு வாரமும் பெண்ணுக்கு அம்மை போட்டு வீட்டில் கிடந்தாள். பள்ளியில் பதிவாகியிருந்த எண், திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் தகப்பனாருடையது. அவர் கைப்பேசியில் நாளொன்றுக்கு வந்து குவியும் நூறு செய்திகளுள் அதுவும் ஒன்றாய்ப் போயிற்று. வீட்டில் இருக்கும் தாத்தாவோ, "பலகை பள்ளிக்கூடத்துக்கு உள்ளே இருக்கிறது சார், எனக்கு உள்ளே என்ன வேலை?" என்கிறார். அவர் கேட்டதும் நியாயமே.

கூட்டுறவு அன்பர்களுக்கு இது புதிய விஷயமன்று. பொதுப்பேரவைக் கூட்டத்திற்கு அறிவிப்பு எழுதினோம் என்பது வேறு, அங்கத்தினர் கையில் அது சேர்ந்தது என்பது வேறு. சார்பு செய்ததற்குச் சான்று எங்கே என்று நாங்கள் கேட்கும்போது முகம் சுளிக்கும் செயலாளர்கள் உண்டு. அந்தக் கேள்வியின் பயன் எனக்கே அப்பள்ளியின் தாழ்வாரத்தில்தான் முழுமையாக விளங்கிற்று.

உதவித்தொகை ஒன்றுதானா என்றால், இல்லை. ஐந்தாம் வகுப்பு முடிந்ததும், "ஆறாவதுக்கு டவுன் பள்ளியில் சேர்த்துவிடுவோம்" என்று கடன் வாங்கியேனும் தனியார் பள்ளிக்கு அனுப்பும் வழக்கம் நம் குடும்பங்களில் மிகுந்து வருகிறது. அது பெற்றோரின் உரிமை. தடை சொல்ல நான் யார்? எனினும், தெரிந்து செய்வது ஒன்று, தெரியாமல் செய்வது மற்றொன்று. மருத்துவப் படிப்பில் 2020-ஆம் ஆண்டிலும், பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 2021-ஆம் ஆண்டிலும் தமிழக அரசு சட்டமியற்றி வழங்கிய 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் பயின்றோருக்கு உரியது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ரூ.1,000-மும் அவ்வாறே அந்த ஏழு வகுப்புகளைப் பொறுத்தது. 2024-இல் அரசு உதவி பெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவியருக்கும் அது விரிக்கப்பட்டது. பதினொரு வயதில் எடுக்கும் முடிவின் விளைவு பதினேழு வயதில் தெரியவருகிறது. கலந்தாய்வுக்குச் சென்ற பிறகு இதைக் கேள்விப்பட்டுத் திகைத்து நின்ற குடும்பம் ஒன்றை நான் அறிவேன்.

பெற்றோருக்குச் செய்தி சேர்ப்பிக்க அமைப்பே இல்லையா? இருக்கிறது. 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழு ஒன்றைக் கட்டாயமாக்கியுள்ளது. அதன் உறுப்பினர்களுள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருத்தல் வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருத்தல் வேண்டும். பள்ளியின் செயற்பாட்டைக் கண்காணிப்பதும், மானியம் எவ்வாறு செலவாகிறது என்று பார்ப்பதும், பள்ளி வளர்ச்சித் திட்டம் வகுப்பதும் அக்குழுவின் வேலை. நம் நிர்வாகக் குழுவுக்குச் சற்றும் குறைந்ததன்று. ஆனால் கூட்டம் வேலை நாளில் பிற்பகலில் கூடுகிறது. தறியில் பாதி நாள் இறங்கினால் பாதி நாள் கூலி போயிற்று. மேலும், குழுவில் பேசப்பட்டது குழுவுக்கு வெளியே வருவதில்லை. அங்கம் வகிக்கும் தாய்மார் சிலரை விசாரித்தபோது, "கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தோம் சார்" என்றனர். கையெழுத்து மட்டும் கொண்ட கூட்டங்களை நம் சங்கங்களிலும் கண்டிருக்கிறேன். ஆகவே அவர்களைக் குறை கூற வாய் எழவில்லை.

இவ்விடத்தில் ஒரு பழைய செய்தி. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் 1958-இல் தொடங்கி ஊர்தோறும் நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை மூத்த வாசகர்கள் நினைவுகூரக்கூடும். பள்ளிக்கு இன்னின்ன குறை, இவ்வளவு செலவு என்று பட்டியலிட்டு ஊரார் முன் வைத்தனர். நிலமாகவும் கட்டடமாகவும் பெஞ்சாகவும் கரும்பலகையாகவும் மக்கள் கொடுத்தனர். அவர்களின் தாராள மனத்தைப் பலர் புகழ்வர். நான் வியப்பது அந்தப் பட்டியலைத்தான். எது இல்லை என்று தெரிந்ததால் கொடுத்தார்கள்.

மேற்சொன்ன சங்கத்தில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். தலைமையாசிரியையும் சங்கச் செயலாளரும் பேசி, பள்ளி அறிவிப்பின் நகல் ஒன்றைச் சங்கத்துக்கு அனுப்புவதென ஏற்பாடு செய்தனர். கூலி நாளில் எழுத்தர் அதை உரக்கப் படிக்கிறார். படிக்கத் தெரியாதவருக்கும் காது உண்டல்லவா? பக்கத்து ஊர்ப் பால் சங்கத்தினர் இதைக் கேள்வியுற்று, காலைக் கறவைக்கு வரும்போது படிக்கச் செய்தனர். நாளுக்கு இருமுறை ஊரே வந்து போகும் இடம் அதைவிட வேறில்லை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தை, நெசவாளர் பலர் தறியில் உட்காராத அமாவாசையன்று வைத்துப் பார்த்தனர். வந்தவர் தொகை கூடியது. ஆசிரியர்களுக்கு அது எப்போதும் தோதாக அமையவில்லை என்பதையும் மறைக்கலாகாது.

சிக்கல்கள் இல்லாமலில்லை. முடிந்துபோன அறிவிப்பை அழிக்காமல் விட்டதால் ஒருவர் வீணாகப் பள்ளிக்கு நடந்தார். இப்போது கடைசித் தேதியைப் பெரிய எழுத்தில் மேலே எழுதுகிறார்கள். ஆர்வ மிகுதியால் பிள்ளைகளின் மதிப்பெண்களையும் எழுதிவிட்டார் எழுத்தர். அதை உடனே அழிக்கச் சொன்னேன். கடன் தவணை தவறியவர் பெயரைப் பலகையில் எழுதினால் நமக்கு எப்படி இருக்குமோ, அப்படித்தான் அப்பிள்ளைக்கும். அத்துடன், பள்ளியில் பதிவான கைப்பேசி எண் வீட்டில் இருப்பவருடையதுதானா என்று ஒவ்வோர் அங்கத்தினரும் சென்று பார்த்து மாற்றிக்கொள்ளச் செய்தனர். இது ஒரு நாள் வேலை, செலவு ஏதுமில்லை.

இவ்வாண்டு ஆய்வுக்குச் சென்றபோது செயலாளர் தயங்கியபடியே ஒரு சீட்டை நீட்டினார். பலகைக்குக் கறுப்பு வண்ணம், சாக்குக்கட்டி, ரூ.140. "எந்தத் தலைப்பில் எழுதுவது சார்?" என்றார். சில்லறைச் செலவு என்று எழுதச் சொல்லிக் கையொப்பமிட்டேன்.