முதலிடம் விலைக்கு: ஒப்பீட்டுத் தளங்கள் பொருளீட்டும் விதம்

விலை ஒப்பீட்டுத் தளங்கள் நம்மிடம் கட்டணம் கேட்பதில்லை, விற்பவரிடமே பெறுகின்றன. நாம் ஓர் இணைப்பைச் சொடுக்கினாலோ அதன்வழிப் பொருள் வாங்கினாலோ தளத்துக்கு ஒரு தொகை சேரும். அதில் குற்றமில்லை. அத்தொகையே வரிசையையும் தீர்மானிக்கும்போதுதான் சிக்கல்.

ஆஸ்திரேலியாவின் டிரிவாகோ வழக்கு இதைத் தெளிவாக்கியது. மலிவான விடுதி அறையைக் கண்டறிய உதவுவதாக அத்தளம் தொலைக்காட்சியில் விளம்பரம் செய்தது. ஆனால் சொடுக்குக்கு எந்த முன்பதிவு நிறுவனம் கூடுதலாகத் தருகிறது என்பதற்கே அதன் கணிப்புமுறை பெரும் மதிப்பளித்தது என 2020 ஜனவரியில் கூட்டாட்சி நீதிமன்றம் கண்டது. 66.8 விழுக்காட்டுப் பட்டியல்களில், குறைந்த விலை இருந்தும் கூடிய விலையே முன்னிறுத்தப்பட்டிருந்தது. அடித்துக் காட்டப்பட்ட விலையோ சில வேளைகளில் சொகுசு அறையினுடையது. அருகிலிருந்தது சாதாரண அறை! 2022இல் 4.47 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

இந்தியாவில், சந்தைத் தளங்கள் தரவரிசையின் முதன்மை அளவுகோல்களையும் அவற்றின் ஒப்பீட்டு முக்கியத்துவத்தையும் எளிய மொழியில் விளக்க வேண்டும் என 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் கூறுகின்றன. ஒப்பீட்டுத் தளங்களும் இதற்குள் வர வேண்டும் என்பதே நமது வாதம். இழப்பு வாங்குபவருக்கு மட்டுமன்று. சொடுக்குக்கு ஏலம் கேட்க முதலில்லாத தலித் சிறுதொழில்முனைவோர் விலையைக் குறைத்தாலும் அடியிலேயே கிடப்பர். ஒரு வரிசை இயல்பானது எனக் காட்டப்படுகையில், அதை அடுக்கியவர் யார் எனக் கேட்பது நமக்குப் புதிதன்று. திரைப்பிடிப்புடன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முறையிடலாம்.