அந்த நேரம் ஆர் பார்த்துக்கொண்டிருந்தது?

எங்கள் கொழும்புத்துறையில் முன்பெல்லாம் பிள்ளையை அம்மம்மாவிடம் விட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவார்கள். இப்போது அம்மம்மாமார் பலர் கனடாவிலும் லண்டனிலும் பேரப்பிள்ளை பார்க்கிறார்கள். இங்கே இருக்கும் மகளுக்குப் பகல்நேரப் பராமரிப்பு நிலையம்தான் கதி. அங்கே ஒரு பிழை நடந்தாலும் வாய் திறக்கப் பயம். சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தராக இருந்த காலம் முழுவதும் தாய்மார் என்னிடம் சொன்னது இதுதான்: "மிஸ், நான் சொன்னதெண்டு தெரிஞ்சால் நாளைக்குப் பிள்ளையை எடுக்கமாட்டினம்."

ஒரு தாதியின் மூன்று வயது மகளுக்குக் கையில் கடிகாயம். "பிள்ளையள் தங்களுக்குள்ள கடிச்சிருக்குங்கள்" என்றது நிலையம். தாய்க்குப் பராமரிப்பாளரில் சந்தேகம். பிள்ளைகள் நித்திரை கொள்ளும் நேரம் பார்த்து, சொல்லாமல் போனேன். எவரையும் விசாரிக்க முன்னர் எண்ணினேன். பாயில் 18 பிள்ளைகள். அவர்களோடு நின்றவர் ஒரே ஒருவர். அவரும் படலையடிக்கு வந்து என்னோடு கதைக்கிறார். மற்றவர் குசினியில். பின்வளவில் கட்டுக் கிணறு, மேலே வலை இல்லை. வரவு இடாப்பு ஒழுங்காக இருந்தது. பிள்ளை விழுந்தது, கடிபட்டது, மருந்து கொடுத்தது என்று எழுதிவைக்கும் கொப்பி இல்லவே இல்லை.

காயத்தை வைத்தியர் அளந்தார். வேட்டைப்பல் தடங்களுக்கு இடையே 3 சென்ரிமீற்றருக்கு மேல் இருந்தால் பெரிய ஆளின் கடியோ என்று சந்தேகிப்பார்கள். இது சிறியது, குழந்தையின் வாய்தான். அதோடு கோப்பை மூடிவிடலாம் என்றார்கள் சிலர். நான் மூடவில்லை. பல் பதியும்வரை ஒரு பிள்ளை கடித்திருக்கிறது, மற்றது கத்தி அழுதிருக்கும். எந்தப் பெரிய ஆளும் காணவில்லை என்றால், தாயின் முறைப்பாடு உண்மைதான். ஆள்தான் வேறு.

ஓடித்திரியும் பிள்ளைக்கு முழங்காலிலும் நெற்றியிலும் கண்டல் வரும். காது, கழுத்து, வயிறு, முதுகில் கண்டால் உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். கண்டலின் நிறத்தை வைத்து நாளைக் கணிக்க முடியாது. படம் எடுத்துத் திகதி எழுதுங்கள். பிள்ளை சொன்னதைப் பிள்ளையின் சொல்லிலேயே குறியுங்கள்.

கேட்கிற விதத்தில்தான் பலர் கெடுத்துவிடுகிறார்கள். "அந்த அன்ரி அடிச்சவவோ?" என்று நாலு தரம் கேட்டால் மூன்று வயதுப் பிள்ளை ஓமென்று தலையாட்டும். 1983இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மக்மாட்டின் முன்பள்ளி மீது ஒரு தாய் முறைப்பாடு செய்தார். பொலிஸ் ஏறத்தாழ 200 பெற்றோருக்குக் கடிதம் அனுப்பிப் பிள்ளைகளிடம் கேட்கச் சொன்னது. பிறகு நூற்றுக்கணக்கான பிள்ளைகளிடம், மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள், நீயும் சொல்லு என்ற போக்கில் விசாரித்தார்கள். 1990இல் வழக்கு ஓய்ந்தபோது ஒருவர்கூடக் குற்றவாளியாகவில்லை. அங்கே உண்மையாகவே ஒரு பிள்ளைக்குத் தீங்கு நடந்திருந்தாலும், அதைத் தெரிந்துகொள்ளும் வழியை அந்தக் கேள்விகளே அடைத்துவிட்டன. எனக்கு இது இன்றைக்கும் பொறுக்க முடியாத விசயம். "என்ன நடந்தது, சொல்லம்மா" என்று ஒருதரம் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள்.

எங்கள் நாட்டில் 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம், பிள்ளையின் வாக்குமூலத்தை வீடியோவில் பதிந்து நீதிமன்றில் சாட்சியமாக வைக்க இடம் தருகிறது. ஒரே கதையைப் பொலிசுக்கும் வைத்தியருக்கும் நீதவானுக்கும் பிள்ளை திரும்பத் திரும்பச் சொல்லும் கொடுமை அதனால் குறையும். பொறுப்பில் இருப்பவர் வேண்டுமென்றே அடித்தாலோ கவனியாமல் விட்டாலோ, தண்டனைச் சட்டக்கோவையில் 1995இல் சேர்த்த 308அ பிரிவின்கீழ் 2 முதல் 10 ஆண்டு சிறை.

முறைப்பாட்டுக்கு 1929 என்ற இலக்கம் இருக்கிறது; தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையினுடையது. பிரதேச செயலகத்திலும் கொடுக்கலாம், பொலிசின் சிறுவர், பெண்கள் பிரிவிலும் கொடுக்கலாம். எங்கே கொடுத்தாலும் பதிவிலக்கம் கேட்டு வாங்குங்கள்.

அந்த நிலையத்தில் பிறகு கிணற்றுக்கு வலை போட்டார்கள், நித்திரை அறைக்கு இன்னொருவரை வைத்தார்கள். தாதியின் மகளும் அங்கேயே தொடர்ந்து போனாள். உங்கள் முறைப்பாட்டுக்கு என்ன நடந்தது என்று தெரியாவிட்டால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்லவேண்டும்.