பத்து சென்டிமீட்டர் காடு

பழனிமலைக் குறிப்புகள் – 9

சென்ற வாரம் புல்வெளியோடு நிறுத்தினோம். இந்த வாரம் சோலைக்குள் நுழையலாம். அண்ணாந்து பார்க்க வேண்டாம். மரப்பட்டையில் மூக்கு உரசும் அளவுக்கு நெருங்கி, தேவைப்பட்டால் மண்டியிட்டுச் செய்கிற வேலை பாசிக் கணக்கெடுப்பு.

கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் 2013-இல் அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 609 சதுர கிலோமீட்டர். காட்டுமாடுகளையும் பறவைகளையும் எண்ண ஆள் வருவார்கள். பாசியைத் தேடி வருகிறவர்கள் குறைவு. அவர்களும் வனத்துறையின் எழுத்துமூல அனுமதியோடுதான் வர வேண்டும். ஒரு சிட்டிகை பாசியானாலும் அது சரணாலயத்துப் பொருள்.

பை நிறையக் கருவிகள் கிடையாது. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், பேனாக்கத்தி, தாளில் மடித்த உறைகள், உயரமும் இடமும் காட்டும் ஜி.பி.எஸ்., ஈரத்தில் கரையாத பென்சில். மரத்தில் நெஞ்சளவு உயரத்தில், பக்கத்துக்குப் பத்து சென்டிமீட்டர் உள்ள சதுரச் சட்டத்தை வைத்து, அதற்குள் எந்தெந்த இனம், எவ்வளவு இடத்தை மூடியிருக்கிறது என்று குறிப்பது ஒரு முறை. பிறகு அடிமரம், பாறை, மட்கிய கட்டை, ஓடைக்கரை, உயிருள்ள இலை என்று தேடல் விரியும். எதன்மேல் வளர்ந்தது என்று எழுதாமல் விட்ட உறையால் பாதிப் பயன்தான்.

லென்ஸ் வைத்ததும் முதல் கேள்வி, இந்தப் பாசி மாஸ் வகையா, லிவர்வொர்ட் வகையா? மாஸில் இலைகள் தண்டைச் சுற்றி வரும். பெரும்பாலானவற்றில் நடுநரம்பு தெரியும். இலையுள்ள லிவர்வொர்ட்டில் இலைகள் இரண்டு வரிசையாகத் தட்டையாகப் படிந்திருக்கும், நரம்பு இருக்காது. பட்டையில் செம்பழுப்பாகப் படரும் ஃப்ருல்லானியாவைத் திருப்பிப் பாருங்கள். ஒவ்வோர் இலையின் கீழ்மடலும் குட்டிக் குடுவை போலக் குழிந்திருக்கும். மழைநீர் அதில் தங்கும். ரோட்டிஃபர் என்னும் நுண்ணுயிர்கள் அந்தத் துளி நீரில் குடியிருக்கும்.

லிவர்வொர்ட்டின் செல்களுக்குள் எண்ணெய்த் துகள்கள் உண்டு. இனத்தை அறிய உதவும் அந்த அடையாளம் செடி உலர்ந்தால் அழிந்துவிடும். ஆகவே பசுமை மாறுவதற்குள் நுண்ணோக்கியில் பார்த்துவிட வேண்டும். மாஸுக்கு அவ்வளவு அவசரம் இல்லை. நிழலில் உலர்த்தி உறையிலிட்டால், பல ஆண்டு கழித்து ஒரு சொட்டு நீர் விட்டாலும் இலை விரிந்து பழைய வடிவம் காட்டும்.

அப்படிச் சேர்த்த பழைய கணக்கு இந்த மலைக்கு இருக்கிறது. செண்பகனூர் திரு இருதயக் கல்லூரியில் இருந்த சேசுசபைத் துறவி ஜார்ஜ் ஃபோரோ, பழனிமலையின் மாஸ்களைத் திரட்டி எழுதிய பட்டியல் 1961-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. அதன் பிறகு மலை வெகுவாக மாறிவிட்டது. 1973 முதல் 2014 வரை புல்வெளியில் 66 சதவீதமும் சோலையில் 31 சதவீதமும் போய்விட்டதாகச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கணக்கிட்டிருக்கிறார்கள். வாட்டில், பைன், யூக்கலிப்டஸ் பரவிய இடம் பல மடங்கு பெருகியது.

பாசிக்கு உண்மையான வேர் கிடையாது. மேலுடம்பாலேயே ஈரத்தை வாங்குவதால், சோலையின் கூரை திறந்து வெயில் விழுந்தால் உடனே தெரிந்துவிடும். அதிலும் உயிருள்ள இலையின்மேல் ஒட்டி வாழும் லெஜூனியா குடும்பத்து லிவர்வொர்ட்டுகள் ஈரம் விட்டுப்போவதைத் தாங்கா. ஆகவே கணக்கெடுப்பில் கிடைத்ததை எழுதுவது போலவே கிடைக்காததையும் எழுத வேண்டும். அதே சோலை, அதே பருவம், அதே அளவு தேடல் என்றிருந்தால்தான் ‘காணோம்’ என்ற குறிப்புக்கு மதிப்பு.

புதிய இனம் கண்டுபிடித்தால் செய்தி ஆகிறது. பழைய இடத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்ப்பதுதான் இன்று கூடுதல் அவசியம். மதுரை, திண்டுக்கல் வட்டாரக் கல்லூரிகளின் தாவரவியல் துறைகள் ஆளுக்கொரு சோலையைப் பொறுப்பேற்கலாம். வனத்துறையும் சரணாலயத்தின் மேலாண்மைத் திட்டத்தில் பாசிக்கென்று சில பக்கங்கள் ஒதுக்க வேண்டும். செலவு அதிகம் இல்லை. ஆண்டுதோறும் விடாமல் செய்ய ஆள் வேண்டும்.

(தொடரும்)