ஆளில்லாத நேரத்துப் படம்: தேயிலை மலைச் சிறுத்தையும் தானியங்கிக் கெமராவும்

ஆப்பிரிக்காவின் மசாய் மாராவிலோ செரங்கெட்டியிலோ விலங்குகளைப் படமெடுக்கப் போகிறவருக்கு அந்த நிலமே பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடும். கண்ணுக்கெட்டிய தூரம் வரை புல்வெளி. ஆண்டாண்டாக வாகனங்களைப் பார்த்துப் பழகிய சிங்கங்கள். கூரை திறந்த வண்டியில் நின்றபடியே நீண்ட லென்ஸைத் திருப்பினால் போதும். இலங்கை மலைநாட்டின் ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்தில் இந்த வசதி எதுவும் கிடையாது. இடுப்பளவுத் தேயிலைச் செடி, அதற்கு மேலே யூகலிப்டஸ் தோப்பு, அதற்கும் மேலே மலைமுகட்டில் மிஞ்சிய காடு, இவற்றுக்கு நடுவே பள்ளமும் ஓடையும் மூடுபனியும். இந்த நிலத்தில்தான் இலங்கையின் மிகப் பெரிய பூனையினமான சிறுத்தை வாழ்கிறது. பெரும்பாலும் இருட்டிய பிறகும் விடிவதற்கு முன்பும்தான் நடமாடும். தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு அருகிலேயே அது கடந்து போனாலும் உறங்குகிறவர்களுக்குத் தெரியாது. இப்படிப்பட்ட விலங்கைப் பார்க்கத் தகுந்த கண், ஆளில்லாத நேரத்தில் மரத்தடியில் காத்திருக்கும் தானியங்கிக் கெமராதான் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். அந்தக் கண் கண்டதை முதலில் அறிய வேண்டியவர்கள் அந்த மலையில் கொழுந்து பறிப்பவர்கள் என்பது வாதத்தின் மறுபாதி.

விலங்கைக் கொண்டே அதன் படத்தை எடுக்கச் செய்யும் எண்ணம் புதியதல்ல. அமெரிக்கரான ஜோர்ஜ் ஷிராஸ் பாதையின் குறுக்கே கம்பி கட்டி, அதை மான் இடறும்போது ஒளி வெடித்துப் படம் பதியும்படி செய்தார். அவர் இரவில் எடுத்த படங்கள் 1906 இல் நேஷனல் ஜியோகிரஃபிக் இதழில் வெளிவந்தன. இந்தியாவில் வன அதிகாரியாக இருந்த எஃப். டபிள்யூ. சாம்பியன் இமயமலை அடிவாரக் காடுகளில் அதே முறையில் புலிகளைப் படமெடுத்து 1927 இல் புத்தகமாக வெளியிட்டார். பிற வெள்ளை அதிகாரிகள் புலித்தோலோடு நின்று படமெடுத்துக்கொண்ட காலம் அது. நுவரெலியாவிலும் அதற்கு முன் அதே நிலைதான். சாமுவேல் பேக்கர் போன்றவர்கள் நாய்க்கூட்டத்தோடு மரைகளைத் துரத்திக் கொன்ற மலை இது. 1990 களில் கர்நாடகத்தின் நாகரஹொளெ காட்டில் உல்லாஸ் கரந்த் இந்தக் கருவிக்குப் புதிய வேலை ஒன்றைக் கொடுத்தார். படங்களில் தெரியும் வரிகளை வைத்துப் புலிகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு, புள்ளியியல் முறையில் அவற்றின் எண்ணிக்கையை மதிப்பிட்டார். அதன் பிறகு கெமரா காட்டின் குடிக்கணக்கு எடுக்கும் கருவியாகவும் ஆயிற்று.

இன்றைய கருவியில் கம்பி இல்லை. உள்ளங்கை அகலப் பெட்டிக்குள் லென்ஸ், மின்கலங்கள், நினைவட்டை, வெப்ப உணரி ஆகியவை இருக்கும். உயிருள்ள எந்த உடலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். உணரிக்கு முன்னால் உள்ள வரிவரியான பிளாஸ்டிக் வில்லை, எதிரே உள்ள வெளியைப் பல பட்டைகளாகப் பிரித்துக் காட்டுகிறது. சூடான உடல் ஒரு பட்டையிலிருந்து அடுத்ததற்கு நகரும்போது உணரியில் விழும் வெப்பம் சட்டென்று மாறும். அந்த மாற்றம்தான் கெமராவை எழுப்புகிறது. சும்மா இருக்கும் சூட்டை அது பொருட்படுத்துவதில்லை. குறுக்கே நடக்கும் விலங்கை உடனே பிடிக்கும் கருவி, நேர் எதிரே வரும் விலங்கைத் தாமதமாகவே உணர்வதற்குக் காரணம் இதுதான். இரவில் வெள்ளை ஒளி பாய்ச்சாமல் அகச்சிவப்பு விளக்கால் வெளிச்சம் தரும் கருவிகளும் உண்டு. 850 நனோமீற்றர் அலைநீள விளக்கு மங்கிய சிவப்பாகத் தெரியும். 940 நனோமீற்றர் விளக்கு மனிதக் கண்ணுக்குத் தெரியவே தெரியாது, ஆனால் அதன் ஒளி எட்டும் தூரம் குறைவு. எதைத் தேர்ந்தாலும் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

மலைநாடு இந்தக் கருவிக்குக் கடினமான களம். மூடுபனியின் நீர்த்துளிகள் உடல் வெப்பக் கதிரை விழுங்கிவிடும். விளக்கின் ஒளியும் பனியில் பட்டுத் திரும்பிப் படம் முழுதும் வெண்மையாகிவிடும். வெயில் காய்ந்து சூடேறிய இலைகள் காற்றில் ஆடினால், எதுவும் வராமலேயே நூற்றுக்கணக்கான வெற்றுப் படங்கள் குவியும். தென்மேற்குப் பருவமழையில் பெட்டிக்குள் ஈரம் புகும். மறுபக்கம், இங்குள்ள குளிர் இரவுகள் உதவியாகவும் இருக்கின்றன. சுற்றுப்புறம் குளிர்ந்திருக்கும்போது உடலின் சூடு தனித்துத் தெரியும். முழங்கால் உயரத்தில், சூரியன் நேராக விழாத திசையில், முன்னே ஆடும் புல்லைச் செதுக்கிவிட்டுக் கெமராவைக் கட்டுவது வழக்கம். இவற்றையெல்லாம் கையேட்டில் படித்துவிடலாம். எந்த இடத்தில் கட்டுவது என்பதைக் கையேடு சொல்லாது. அடர்ந்த தேயிலைக்குள் நுழைந்து நடப்பதைவிட, மனிதர் போட்ட தோட்டப் பாதையிலும் மலைமுகட்டு ஒற்றையடிப் பாதையிலும் நடப்பதையே சிறுத்தை விரும்புகிறது. எந்த வளைவில் அது காலால் பறித்த தடம் இருக்கிறது, எந்தப் பாறையில் எச்சம் கிடக்கிறது, எந்த ஓடைக்கரையில் கேளையாடு கத்தும் என்பது விறகு பொறுக்கப் போகிறவர்களுக்கும் கவ்வாத்து வெட்டுகிறவர்களுக்கும் இரவுக் காவல்காரர்களுக்கும் தெரியும். அந்த அறிவைக் கேட்டு வாங்காமல் கட்டப்படும் கெமரா பெரும்பாலும் வெறும் காற்றைத்தான் படமெடுக்கும்.

ஒரு சிறுத்தையின் உடலில் உள்ள புள்ளிக்கொத்து வேறொன்றுக்கு இராது, நம் கைரேகையைப் போல. வலப்பக்கமும் இடப்பக்கமும்கூட வேறுவேறு. அதனால்தான் பாதையின் இருபுறமும் ஒவ்வொரு கெமரா கட்டுகிறார்கள். இரண்டு விளக்குகளும் ஒன்றையொன்று குருடாக்காதபடி சற்று விலக்கி வைப்பார்கள். கணக்கு எளிமையானது. முதல் சுற்றில் 8 சிறுத்தைகள் பதிந்தன, இரண்டாம் சுற்றில் 6 பதிந்தன, அந்த 6 இல் 3 ஏற்கெனவே பார்த்தவை என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் சுற்றில் பாதி பழைய முகங்கள் என்றால், முதல் சுற்றில் கண்ட 8 உம் மொத்தத்தில் ஏறத்தாழ பாதியாக இருக்க வேண்டும். ஆகவே சுமார் 16. உண்மையான ஆய்வுகள் கெமராக்களுக்கு இடையே உள்ள தூரத்தையும் சேர்த்துக்கொள்கின்றன, அடிப்படை இதுதான். கருஞ்சிறுத்தைக்கு இந்த முறை செல்லாது என்று தோன்றலாம். மலேசியாவில் அதற்கும் வழி கண்டார்கள். கெமராவின் ஒளியுணரியை மூடி, பகலிலும் அகச்சிவப்பு விளக்கே எரியும்படி செய்தபோது கறுப்பு ரோமத்துக்குள் மறைந்திருந்த புள்ளிகள் படத்தில் துலங்கின. 2015 இல் வெளியான ஆய்வு அது.

கருஞ்சிறுத்தை தேயிலை மலைக்குத் தூரத்துச் செய்தி இல்லை. 2019 இல் வனஜீவராசிகள் திணைக்களத்தின் கெமராவில் சிவனொளிபாத மலைப் பகுதியில் ஒன்று உயிரோடு பதிவானது. 2020 மே மாத இறுதியில் நல்லதண்ணிக்கு அருகே, லக்சபான வாழைமலைத் தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை சுருக்குக் கம்பியில் மாட்டியது. உடவளவைக்குக் கொண்டு சென்று சிகிச்சை அளித்தும் சில நாட்களில் இறந்துபோனது. இந்தத் தோட்டங்களில் பன்றிக்கும் மானுக்கும் வைக்கும் கம்பியில் சிறுத்தை சிக்குவது அடிக்கடி நடப்பது. சிறுத்தையும் பன்றியும் நடப்பது ஒரே பாதையில் என்பதால் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அஞ்சலி வொட்சனும் அன்ட்ரூ கிட்டிலும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இத்தீவின் சிறுத்தைகளை ஆராய்ந்து வருகிறார்கள். தேயிலைக்கு நடுவே அவர்கள் கட்டிய கெமராக்கள் ஒரு முக்கியமான உண்மையை நிறுவின. சிறுத்தைகள் சரணாலயத்திலிருந்து வழிதவறி இங்கே வரவில்லை. தோட்டங்களுக்கு இடையில் உள்ள காட்டுத் துண்டுகளும் முகடுகளும் அவற்றின் நிரந்தர வீடு, அங்கேயே குட்டி போடுகின்றன. ‘காட்டுக்குள் துரத்திவிடுங்கள்’ என்ற கோரிக்கைக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி இல்லை.

சிறுத்தை இங்கேயே வாழ்கிறது என்றால், ஆப்பிரிக்காவைப் போலச் சஃபாரி நடத்தி ஏன் வருமானம் பார்க்கக்கூடாது என்ற கேள்வி எழும். நியாயமான கேள்வி, ஏனென்றால் தோட்டக் குடும்பங்களுக்குப் பணம் தேவை. கென்யாவில் மசாய் குடும்பங்கள் தங்கள் நிலத்தை வனவிலங்குப் புகலிடங்களுக்குக் குத்தகைக்குக் கொடுத்து மாதாமாதம் பணம் பெறுகின்றன. அங்கே நிலம் அவர்களுடையது. இங்கே 1970 களில் தோட்டங்கள் அரசுடைமையாயின, 1992 இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. நூற்றைம்பது ஆண்டுகளாக உழைக்கும் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு லயம் நிற்கும் மண்கூடச் சொந்தமில்லை. சஃபாரிப் பணம் பங்களா வாசலோடு நின்றுவிடும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் இதுவே. விலங்கின் பக்கமிருந்தும் ஓர் எச்சரிக்கை உண்டு. மசாய் மாராவில் சிவிங்கிப்புலிகளைப் பற்றி 2018 இல் வெளியான ஆய்வின்படி, சுற்றுலா வாகனங்கள் குறைந்த பகுதிகளில் ஒரு தாய் சராசரியாக 2 க்கும் மேற்பட்ட குட்டிகளை வளர்த்து ஆளாக்கியது. வாகனங்கள் மொய்த்த பகுதிகளில் அந்தச் சராசரி 0.2 ஆக விழுந்தது. திறந்த புல்வெளியிலேயே இந்த நிலை என்றால், முகட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னக் காட்டுத் துண்டில் குட்டி வைத்திருக்கும் சிறுத்தை எங்கே போகும்?

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. ‘காலையில் மலைக்குப் போகும் பெண்ணின் உயிருக்கு என்ன பாதுகாப்பு?’ இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கிற எந்த வனவிலங்கு ஆர்வலரும் தோட்டத்தில் பேசத் தகுதியில்லாதவர். இலங்கையில் ஆட்கொல்லி என்று பெயரெடுத்த சிறுத்தை 1924 இல் சுடப்பட்ட புனானைச் சிறுத்தைதான். அதற்குப் பிறகு மனிதரை இரையாகத் தேடும் பழக்கம் இங்கே காணப்படவில்லை. ஆனால் காயங்கள் உண்மை. செடிகளுக்கு நடுவே படுத்திருந்த விலங்கின் மேலேயே எதிர்பாராமல் போய் நிற்பதால் பல தாக்குதல்கள் நடக்கின்றன. கவனிப்பின்றிக் காடு மண்டிய மலைகள் சிறுத்தைக்கு நல்ல பகல் படுக்கை. தமிழ்நாட்டின் வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் சிறுத்தை குழந்தைகளைக் கொன்றிருக்கிறது என்பதையும் மறைக்கக்கூடாது. அதே வால்பாறையில்தான் ஒரு நல்ல முன்மாதிரியும் உருவானது. யானைக் கூட்டம் எந்தத் தோட்டத்தில் நிற்கிறது என்பதைக் கைப்பேசிக் குறுஞ்செய்தியாலும் சிவப்பு விளக்குகளாலும் தொழிலாளருக்கு அன்றன்று அறிவிக்கிறார்கள். சிறுத்தையை அப்படி ஒவ்வொரு நாளும் பின்தொடர முடியாது. ஆனால் எந்தப் பாதையில், எந்த மணிக்கு, எந்த மாதங்களில் குட்டியோடு வருகிறது என்பதைக் கெமரா சொல்லிவிடும். கொழுந்து பறிக்கும் நேரத்தை ஒரு மலையில் அரை மணி தள்ளிவைக்கவும், எந்த மலையில் முதலில் புதர் வெட்ட வேண்டும் என்று முடிவு செய்யவும், எந்த லயத்தின் குப்பைமேட்டை அகற்ற வேண்டும் என்று காட்டவும் அந்த விவரம் போதும். குப்பைக்கு நாய்கள் வரும், நாய்களைத் தேடிச் சிறுத்தை வரும்.

கெமரா விலங்கை மட்டும் பார்ப்பதில்லை என்பது கடைசி ஆட்சேபம், எனக்கு மிகவும் கவலை தருவதும் இதுதான். இந்தியாவின் கோர்பெட் புலிகள் காப்பகத்தில் விறகுக்கும் இயற்கைக் கடனுக்கும் காட்டுக்குப் போகும் பெண்கள் இத்தகைய கெமராக்களால் கண்காணிக்கப்பட்டு அவமானப்படுத்தப்பட்டதை 2024 இல் வெளியான ஓர் ஆய்வு வெளிக்கொணர்ந்தது. கழிப்பறை வசதி குறைந்த லயங்களும், வேலையைக் கண்காணிக்கும் அதிகாரப் படிநிலையும் உள்ள தோட்டத்தில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். தொழிலாளருக்கு முன்கூட்டியே சொல்லாமல் ஒரு கெமராவும் கட்டக்கூடாது. மனித உருவம் பதிந்த படங்களை நிர்வாகத்திடம் கொடுக்காமல் அழித்துவிட வேண்டும். பெண்கள் ஒதுங்கும் இடங்கள் எவை என்பதைப் பெண்களிடமே கேட்டு, அந்தப் பக்கம் கெமராவே வைக்காமல் விட வேண்டும். பாதை விவரம் வேட்டைக்காரருக்குப் போய்விடும் என்ற பயத்துக்கும் இடமுண்டு, ஆகவே படங்களை இடப்பெயரோடு சமூக ஊடகத்தில் போடுவது தவறு. ஆனால் சுருக்கு வைப்பவருக்கு அந்தப் பாதை கெமரா வருவதற்கு முன்பே தெரியும். தெரியாமல் இருப்பது சுருக்கைத் தேடி அகற்ற வேண்டியவர்களுக்குத்தான். ஒரு மாதப் படங்களைப் பார்த்தால் தோட்டத்தின் எந்த நாலைந்து பாதைகளில் கம்பியைத் தேட வேண்டும் என்பது தெரிந்துவிடும். அந்தத் தேடலுக்குப் போகிற தோட்ட இளைஞர்களுக்கு அதை ஒரு நாள் வேலையாகக் கணக்கிட்டுக் கூலி கொடுக்க வேண்டும்.